கணினி 27 மீட்டர் சொன்னது, டெஸ்ட் பெஞ்சு 23 காட்டியது: ஒரு மோனோபிளாக் பம்பின் செயல்திறன் கணிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் விவசாயப் பம்புகள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் 5 எச்பி (3.7 கிலோவாட்) மும்முனை மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்த) வகையில் புதிய மாடல் ஒன்றைத் தொடங்கினார்கள். சக்‌ஷன் (உறிஞ்சும் வாய்) 80 மி.மீ, டெலிவரி (வெளியேற்றும் வாய்) 65 மி.மீ. நொடிக்கு 10 லிட்டர் தண்ணீரை 24 மீட்டர் ஹெட்டில் (பம்பு தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) தர வேண்டும். மோட்டாரையும் சேர்த்த ஒட்டுமொத்தச் செயல்திறன் 55 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இவைதான் இலக்கு.

அங்கே வழக்கமான முறை இது: பழைய மாடலின் படத்தைக் கொஞ்சம் மாற்றி, மரப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மர அச்சு) செய்து, வார்த்து, பெஞ்சில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஹெட் குறைந்தால் அரம் எடுப்பார்கள், கூடினால் கடைசலில் விட்டத்தைக் குறைப்பார்கள். இப்படி நான்கைந்து சுற்று போகும். ஒவ்வொரு சுற்றிலும் பேட்டர்னும் கோர் பெட்டியும் (வார்ப்பின் உள்வழிக்கான மணல் கருவைச் செய்யும் பெட்டி) திருத்தப்பட வேண்டும். இந்த முறை பேட்டர்னுக்கு முன்பே கணினிப் பாய்ம இயக்கவியல் (தண்ணீரின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும்) மென்பொருளில் பம்பை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பயன்படுத்தியது ஆன்சிஸ் சிஎஃப்எக்ஸ். இங்கே சொல்லப்படும் பிரச்சினைகள் ஓப்பன்ஃபோம் உட்பட எந்த மென்பொருளிலும் இதேபோல்தான் வரும்.

முதல் அளவுகளைக் கைக்கணக்கில் எடுத்தார்கள். நிமிடத்துக்கு 2880 சுற்று வேகத்தில் இந்தப் பம்பின் தனிவேக எண் (பம்பின் வடிவ வகையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 26.6. இம்பெல்லர் (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்) விட்டம் 148 மி.மீ, வெளிவாய் அகலம் 12 மி.மீ, வேன்கள் (அதன் இறக்கைகள்) 6, வெளிக் கோணம் 28 பாகை, வேன் கனம் 3 மி.மீ, வால்யூட் (இம்பெல்லரைச் சுற்றிய சுருள் கூடு) தொண்டைப் பரப்பு 1100 சதுர மி.மீ. வீஸ்னர் வழுக்கல் குணகம் (தண்ணீர் வேனின் திசையிலிருந்து விலகுவதைக் கணக்கில் எடுக்கும் எண்) 0.80. பழைய மாடல்களின் அனுபவத்தை வைத்து ஹைட்ராலிக் செயல்திறனை (கசிவும் தட்டு உராய்வும் சேராதது) 76 சதவீதம் என்று எடுத்தபோது கைக்கணக்கு 24.4 மீட்டர் தந்தது. இந்த எண்ணைப் பின்னால் மறுபடி பார்க்க வேண்டி வரும்.

முதல் கணிப்பு

முப்பரிமாண மாதிரியில் சக்‌ஷன் குழாய் 5 விட்ட நீளம், இம்பெல்லரின் உள்வழி, வால்யூட், டெலிவரி குழாய் 8 விட்ட நீளம் ஆகியவை இருந்தன. நுழைவில் மொத்த அழுத்தம், வெளியேற்றத்தில் நிறைப் பாய்வு என்று எல்லைகளைக் கொடுத்தார்கள். இது நல்ல தேர்வு. தீர்வு சீக்கிரம் நிலைப்படும், தேவையான டிஸ்சார்ஜையும் (வெளிவரும் நீரளவு) நேராகக் கொடுத்துவிடலாம். கொந்தளிப்பைக் கணக்கிட எஸ்எஸ்டி என்ற மாதிரி. இம்பெல்லருக்கும் வால்யூட்டுக்கும் நடுவே உறைந்த சுழலி முறை (இம்பெல்லரை ஒரு நிலையில் நிறுத்தி வைத்துக் கணக்கிடுவது), ஒரே ஒரு கோண நிலையில். வேகம் 2900. சுவர்களெல்லாம் வழுவழுப்பானவை, ஏனென்றால் மென்பொருளின் இயல்புநிலை அதுதான்.

மெஷ்ஷை (கணக்குக்காக நீர்வழியைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) 12 லட்சம், 24 லட்சம், 41 லட்சம் செல்கள் என்று மூன்று படியாக ஏற்றினார்கள். கடைசிப் படியில் ஹெட் மாறியது 0.6 சதவீதம் மட்டுமே. எச்சங்கள் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) நன்றாக இறங்கின. 10 லிட்டரில் 27.2 மீட்டர், செயல்திறன் 83 சதவீதம் என்று விடை வந்தது.

மெஷ் சோதனை தேறியதும் எல்லாரும் நிம்மதியானார்கள். அந்த நிம்மதியில்தான் சறுக்கல் நேர்ந்தது. மெஷ் சோதனை, கொடுத்த வடிவத்துக்குக் கொடுத்த சமன்பாடுகள் ஒழுங்காகத் தீர்க்கப்பட்டனவா என்பதை மட்டுமே சொல்லும். கொடுத்த வடிவம் உண்மையான பம்புதானா என்று அது சொல்லாது. கைக்கணக்கு 24.4 என்று சொல்லியிருக்க, கணினி 2.8 மீட்டர் கூடுதலாகச் சொன்னது ஏன் என்று யாரும் நின்று கேட்கவில்லை. படம் பேட்டர்ன் கடைக்குப் போனது.

டெஸ்ட் பெஞ்சில் தெரிந்தது

வார்ப்பு வந்து, கடைந்து, மோட்டாரோடு பூட்டி பெஞ்சில் ஏற்றினார்கள். மின்காந்த ஃப்ளோமீட்டரில் 10 லிட்டருக்கு வால்வை வைத்தபோது கிடைத்தவை:

ஹெட் 23.3 மீட்டர். மின் உள்ளீடு 4.32 கிலோவாட். வேகம் 2850. ஒட்டுமொத்தச் செயல்திறன் 52.9 சதவீதம்.

மோட்டாரின் செயல்திறன் 82 சதவீதம் என்று அதன் தனிச் சோதனையில் தெரியும். ஒட்டுமொத்தச் செயல்திறனை அதால் வகுத்தால் பம்பின் செயல்திறன் 64.5. கணினி சொன்ன 83 எங்கே, இது எங்கே! ஹெட்டில் 3.9 மீட்டர் பள்ளம்.

எடுக்காத முடிவும் எடுத்த முடிவும்

உடனே இரண்டு யோசனைகள் மேசைக்கு வந்தன.

ஒன்று, இம்பெல்லர் விட்டத்தை 152 மி.மீ ஆக்குவது. ஹெட் வந்துவிடும். ஆனால் தண்டின் திறன் விட்டத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். அப்போது தண்டில் 3.5 கிலோவாட் போய்க்கொண்டிருந்தது. 152-இல் அது 3.8-ஐத் தாண்டும். பெயர்ப்பலகையில் 3.7 என்று அடித்த மோட்டாருக்கு அது அதிகச் சுமை. கிராமத்து லைனில் வோல்டேஜ் குறைந்த நேரத்தில் இந்த அதிகச் சுமை வைண்டிங்கைச் சுட்டுவிடும், ரீவைண்டிங் செலவு விவசாயியின் தலையில் விழும். ஆகவே மறுக்கப்பட்டது. இந்த ஆய்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே மிகச் சரியானது.

இன்னொன்று, கொந்தளிப்பு மாதிரியைக் கே-எப்சிலான் என்ற வேறொன்றாக மாற்றி, விடை 23.3-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்ப்பது. மாற்றிப் பார்த்ததில் 0.3 மீட்டர்தான் நகர்ந்தது. அது பொருந்தியிருந்தால்தான் பெரிய ஆபத்து. காரணம் தெரியாமலே பொருந்திய மாதிரியை அடுத்த பம்புக்கும் நம்பியிருப்பார்கள்.

கடைசியில் எடுத்த முடிவு: புதிதாக எதையும் வடிவமைக்காமல், பெஞ்சில் நிற்கும் அதே பம்பை முழுக்க அளப்பது. 3.9 மீட்டர் வித்தியாசத்தில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பது விதி.

வித்தியாசத்தைப் பிரித்தது

*பெஞ்சு.* முதலில் பெஞ்சைச் சந்தேகப்பட்டது நல்லதாயிற்று. கேஜ்களின் உயர வித்தியாசத்தைத் தாளில் கூட்டியிருந்தார்கள். வேக ஹெட்டை விட்டுவிட்டார்கள். 10 லிட்டரில் 65 மி.மீ குழாயில் தண்ணீர் நொடிக்கு 3.0 மீட்டர் வேகத்தில் போகிறது, அதன் வேக ஹெட் 0.46 மீட்டர். 80 மி.மீ குழாயில் 2.0 மீட்டர் வேகம், 0.20 மீட்டர் ஹெட். வித்தியாசமான 0.26 மீட்டர் பம்புக்குச் சேர வேண்டியது. இரண்டு பக்கமும் ஒரே விட்டமுள்ள பழைய மாடல்களுக்காகத் தயாரித்த தாள் அது. அங்கே இந்தத் திருத்தம் பூஜ்யமாக இருந்ததால் விடுபட்டது தெரியவே இல்லை. அதோடு டெலிவரி கேஜின் துளை ஃபிளாஞ்சை ஒட்டியே இருந்தது. பம்புச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 9906 தரநிலை சொல்வதுபோல் ஃபிளாஞ்சிலிருந்து 2 விட்டத் தூரத்துக்கு அதை மாற்றினார்கள். முள்ளின் ஆட்டம் குறைந்தது, சராசரி மாறவில்லை. ஆக, உண்மையான ஹெட் 23.56 மீட்டர். ஒட்டுமொத்தச் செயல்திறன் 53.5, பம்பு மட்டும் 65.2.

*வேகம்.* கணினியில் 2900, பெஞ்சில் 2850. ஹெட் வேகத்தின் இருமடியாகவும் டிஸ்சார்ஜ் வேகத்துக்கு நேர்விகிதமாகவும் மாறுவதால், 50 சுற்று குறைந்தால் அதே 10 லிட்டரில் 27.2 மீட்டர் 26.1-க்கு இறங்கும். 1.1 மீட்டர் இதற்கே போயிற்று. இது யாருடைய பிழையும் இல்லாத வித்தியாசம். இரண்டு எண்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டதுதான் பிழை.

*சொரசொரப்பு.* இம்பெல்லர் கோர், எண்ணெய் மணல் கோர். சொரசொரப்பு ஒப்பீட்டுத் தகட்டை உள்வழியின் ஓரத்தில் வைத்து நகத்தால் வருடிப் பார்த்தபோது, ஏறத்தாழ 20 மைக்ரான் சராசரிச் சொரசொரப்பு என்று தெரிந்தது. அந்த 20-ஐ அப்படியே மென்பொருளில் போடக்கூடாது. மென்பொருள் கேட்பது சமமான மணல்துகள் சொரசொரப்பு. அது சராசரிச் சொரசொரப்பைப்போல் 5 முதல் 6 மடங்கு வரும். ஆகவே 100 மைக்ரான் கொடுத்தார்கள்.

இங்கே இன்னொரு பொறி இருந்தது. மெஷ்ஷின் முதல் அடுக்கு 0.02 மி.மீ கனம், மணல்துகளோ 0.1 மி.மீ. துகளைவிட மெல்லிய அடுக்கில் சுவர்ச் சார்பு (சுவரோர ஓட்டத்துக்கான சூத்திரம்) அர்த்தமிழந்துவிடும், விடை மட்டும் ஏதோ ஒன்று வரும். முதல் அடுக்கை 0.15 மி.மீ ஆக்கி, ஒய்-பிளஸ் (முதல் அடுக்கு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைக் காட்டும் எண்) 30-க்கு மேல் இருப்பதை உறுதி செய்த பிறகுதான் ஓட்டினார்கள். ஹெட் 1.0 மீட்டர் இறங்கி 25.1 ஆனது. ஹைட்ராலிக் செயல்திறன் 3 புள்ளி குறைந்தது.

*வார்ப்பு.* இந்த ஆய்விலேயே அதிகம் கற்றுக்கொடுத்த இடம் இதுதான். ஓர் இம்பெல்லரை மேல் தட்டை ஒட்டி அறுத்து, வேன்களின் கனத்தைக் காலிப்பரில் அளந்தார்கள். படத்தில் 3.0, வார்ப்பில் 4.4. ஆறு வேன்களிலும் ஏறத்தாழ இதே அளவு, எனவே இது கோர் நகர்ந்ததால் வந்த தாறுமாறு இல்லை. யாரோ தெரிந்தே செய்தது. பேட்டர்ன் கடைக்குப் போய்க் கேட்டபோது மூத்த மேஸ்திரி மறைக்காமல் சொன்னார்:

“தம்பி, நீங்க படத்துல மூணுன்னு போட்டுட்டீங்க. மூணு குடுத்தா நுனி வரைக்கும் இரும்பு ஓடாதுங்க, வேன் மொட்டையா நின்னுக்கும். நாலு, நாலரை வெச்சாத்தான் முழுசா வரும். நாங்க எப்பவும் அப்படித்தானுங்க.”

அவர் சொன்னது வார்ப்படக் கலையின் உண்மை. படம் வரைந்தவருக்கு அது தெரியாது, மேஸ்திரிக்கு வேன் நுனியின் கனம் தண்ணீருக்கு என்ன செய்யும் என்று தெரியாது. 28 பாகையில் சாய்ந்து நிற்கும் 3 மி.மீ வேன்கள் ஆறும் சேர்ந்து இம்பெல்லர் சுற்றளவில் 8 சதவீதத்தை அடைக்கும். 4.4 மி.மீ ஆனால் 12 சதவீதம். மிஞ்சிய வழியில் தண்ணீர் வேகமாகப் போக வேண்டும், அதனால் சுழல் வேகம் குறையும், ஹெட் குறையும்.

வால்யூட்டிலும் இதேபோல் ஒன்று. தொண்டைக்குள் பிளாஸ்டிசின் களிமண்ணை அழுத்தி, நூலால் அறுத்து வெளியே எடுத்து, கிராஃப் தாளில் வைத்து ஓரத்தைக் கோடிட்டு, கட்டங்களை எண்ணினார்கள். 1010 சதுர மி.மீ வந்தது. படத்தைவிட 8 சதவீதம் குறைவு. நாக்கின் (வால்யூட் தொடங்கும் முனை) நுனி படத்தில் 3 மி.மீ ஆரம், வார்ப்பில் தடித்து வழிந்த உருண்டை. பத்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. பெஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு புதுக் கேசிங்குக்கும் இதைச் செய்யலாம்.

அளந்த வடிவத்தை மாதிரியில் போட்டபோது மேலும் 0.8 மீட்டர் இறங்கி 24.3 ஆயிற்று.

*கசிவும் தட்டு உராய்வும்.* முதல் மாதிரியில் இம்பெல்லரின் இருபுறத் தட்டுகளுக்கும் கேசிங்குக்கும் நடுவிலுள்ள அறைகளே இல்லை. வேர் ரிங் (இம்பெல்லர் கழுத்தைச் சுற்றிய தேய்மான வளையம்) இடைவெளியும் இல்லை. அந்த மாதிரி கொடுக்கும் செயல்திறன் ஹைட்ராலிக் செயல்திறன் மட்டுமே. அதைப் பம்புச் செயல்திறன் என்று எண்ணி 65-உடன் ஒப்பிட்டதுதான் 83 என்ற பெரிய எண் தந்த அதிர்ச்சிக்குப் பாதிக் காரணம்.

76 மி.மீ விட்டமுள்ள வேர் ரிங்கில் படம் சொன்ன இடைவெளி ஒரு பக்கத்துக்கு 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் 0.25 காட்டியது. அந்த வளையத்தின் வழியே நொடிக்கு 0.55 லிட்டர் திரும்பவும் சக்‌ஷனுக்கே ஓடுகிறது. 10 லிட்டர் வெளியே வர இம்பெல்லர் 10.55 லிட்டரைத் தள்ள வேண்டும். அறைகளையும் இடைவெளியையும் மாதிரியில் சேர்த்ததும் ஹெட் 23.9. தட்டு உராய்வுக்கு 200 வாட் என்று மாதிரி காட்டியது. கிளாண்டு பேக்கிங்கின் (தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பு) உராய்வை எந்தப் பாய்ம மென்பொருளும் தராது. அதற்கு 100 வாட் கையால் சேர்த்தார்கள். பேரிங் இழப்பு மோட்டார் செயல்திறனிலேயே அடங்கிவிட்டதால் மறுபடி சேர்க்கவில்லை. மோனோபிளாக்கில் இதை இரண்டு தடவை கழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

திருத்திய கணிப்பு 23.9 மீட்டர், திருத்திய அளவீடு 23.56. வித்தியாசம் 1.4 சதவீதம். பம்புச் செயல்திறன் கணிப்பில் 67.6, அளவீட்டில் 65.2.

இந்தப் படிகளின் எண்களெல்லாம் நான்கு கோண நிலைகளின் சராசரி. ஆறு வேன் என்றால் ஒரு வேனுக்கு 60 பாகை, அதை 0, 15, 30, 45 என்று பிரித்து ஓட்டினார்கள். நாக்குக்கு நேரே வேன் நிற்கும் நிலைக்கும் விலகி நிற்கும் நிலைக்கும் 0.5 மீட்டர் வரை வேறுபட்டது. முதல் ஓட்டத்தில் எடுத்த ஒற்றை நிலை தற்செயலாகச் சராசரியை ஒட்டி இருந்தது. எப்போதும் அப்படி அமையாது.

மாற்றங்களும் இரண்டாம் சோதனையும்

எதில் எவ்வளவு போகிறது என்று தெரிந்த பிறகு, எதைத் திருத்துவது என்பதில் வாக்குவாதமே இல்லை.

வேன்களை வார்ப்பில் 4.4 கனத்திலேயே விட்டார்கள், மேஸ்திரி சொன்னது நியாயம் என்பதால். ஆனால் வெளி நுனியில் பின்பக்கத்தை, அதாவது தண்ணீரைத் தள்ளாத முகத்தை, 25 மி.மீ நீளத்துக்குச் சரிவாக அரம் போட்டு நுனியில் 3.0 ஆக்கினார்கள். தள்ளும் முகத்தைத் தொடவில்லை. பின்முகத்தை அரைத்தால் இரண்டு வேன்களுக்கு நடுவிலுள்ள வாய் அகலும், ஹெட் ஏறும். தள்ளும் முகத்தை அரைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. கோரை எண்ணெய் மணலிலிருந்து ஷெல் கோருக்கு (பிசின் பூசிய மணலில் செய்யும் கோர்) மாற்றினார்கள். ஒப்பீட்டுத் தகட்டில் சொரசொரப்பு ஏறத்தாழப் பாதியானது. வால்யூட் கோர் பெட்டியில் நாக்கைத் திருத்தினார்கள். வேர் ரிங்கைக் கடைசியாக, இம்பெல்லர் கழுத்தை அளந்த பிறகே கடைந்து 0.15-க்குக் கொண்டுவந்தார்கள்.

இவற்றையெல்லாம் மாதிரியில் போட்டபோது 148 மி.மீ விட்டத்துக்கு 25.3 மீட்டர் வந்தது. தேவைக்கு மேல். தேவையில்லாத ஹெட்டுக்கு விவசாயியின் மோட்டார் ஏன் உழைக்க வேண்டும்? விட்டத்தை 146 ஆகக் குறைத்தார்கள். 152 ஆக்க நினைத்த இம்பெல்லர் அது.

146-க்குக் கணிப்பு: 24.5 மீட்டர், பம்புச் செயல்திறன் 71.7 சதவீதம்.
சோதனை: 24.2 மீட்டர், 69.4 சதவீதம். மின் உள்ளீடு 4.17 கிலோவாட், ஒட்டுமொத்தச் செயல்திறன் 56.9.

இலக்கு தாண்டப்பட்டது. தண்டுத் திறன் 3.42 கிலோவாட், மோட்டாருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. தொடர்ந்து வார்த்த ஐந்து பம்புகளில் நான்கு 24 மீட்டருக்கு மேல் நின்றன. ஐந்தாவது 23.5. அதன் இம்பெல்லரை அறுத்துப் பார்த்ததில் கோர் நகர்ந்து வெளிவாய் ஒரு பக்கம் 11 மி.மீ, எதிர்ப்பக்கம் 13 மி.மீ ஆக இருந்தது. அதைக் கணிப்பின் பிழையாக எண்ணாமல் பவுண்டரியின் கணக்கில் எழுதினார்கள், அது சரி.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

புதிய மாடலைக் கணிப்பதற்கு முன், ஏற்கெனவே நன்றாகச் சோதித்த பழைய பம்பு ஒன்றை அறுத்து அளந்து, அதை மென்பொருளில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். செயல்திறனில் கணினி எப்போதும் இரண்டு புள்ளிக்கு மேல் கூடுதலாகவே சொல்கிறது என்பது அப்போதே தெரிந்திருக்கும். இரண்டு சுற்றிலும் அந்த எச்சம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. மோட்டார் செயல்திறன் எண்ணிலும் பேக்கிங் உராய்வின் ஊகத்திலும் அதன் வேர் இருக்க வாய்ப்பு அதிகம். முறுக்குமானி (தண்டைச் சுழற்றும் விசையை அளப்பது) வைத்துத் தண்டுத் திறனை நேராக அளந்தால் பிரித்துவிடலாம்.

படத்தைப் பேட்டர்ன் கடைக்கு அனுப்புவதற்கு முன் மேஸ்திரியை உட்காரவைத்து, எந்தக் கனம் வார்ப்பில் வரும் என்று கேட்டு, அந்தக் கனத்தையே மாதிரியில் போட வேண்டும். சிமுலேஷன் கோப்போடு வேகம், சொரசொரப்பு, வேர் ரிங் இடைவெளி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஹெட் எண்ணை யாருக்கும் தரக்கூடாது. பெஞ்சின் தாளில் சக்‌ஷன் விட்டம், டெலிவரி விட்டம் என்று இரண்டு கட்டங்கள் இப்போது சேர்க்கப்பட்டுவிட்டன. வேக ஹெட்டைத் தாளே கணக்கிடுகிறது.

தீராமல் நிற்கும் பகுதி

10 லிட்டரை ஒட்டிய பகுதியில்தான் இந்தப் பொருத்தம். 13 லிட்டரில் கணிப்பு 5 சதவீதம் கூடுதலாகச் சொன்னது. 5 லிட்டருக்குக் கீழே நிலைத்த ஓட்டத்தில் தீர்வு அமரவே இல்லை, ஹெட் 3 மீட்டர் மேலும் கீழும் ஆடியது. இம்பெல்லர் வாயில் தண்ணீர் திரும்பிச் சுழலும் பகுதி அது. நேரத்தோடு மாறும் ஓட்டத்தை, சுழலி 2 பாகை நகரும் 117 மைக்ரோநொடிப் படிகளில், ஆறு சுற்று ஓட்டி, கடைசி இரண்டு சுற்றைச் சராசரி எடுத்தபோது 4 சதவீதத்துக்குள் வந்தது. ஆனால் 16 கோர் கணினியில் ஒரே புள்ளிக்கு இரண்டு நாளுக்கு மேல் பிடித்தது. பெஞ்சில் அதே புள்ளியை எடுக்கப் பத்து நிமிடம் போதும். ஆகவே கேட்டலாக்கில் 5 லிட்டருக்குக் கீழுள்ள வளைவையும் வால்வை மூடிய நிலையின் ஹெட்டையும் சோதனைத் தாளிலிருந்தே அச்சிட்டார்கள்.